கிளாசிக் 350-ல் சைடு பேக் மாட்டுவது: கேட்டவர்களுக்குப் பதில்

நெடுந்தூரப் பயணத்துக்கென்று என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருக்கிறேன். பெரிய விண்ட்ஷீல்டு, அகலமான சீட், வெளியில் வாங்கிய சைடு பேக். அந்தப் பையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஸ்டே (பையைத் தாங்க வண்டியில் மாட்டும் கம்பிச் சட்டம்) எதற்கு வீண் செலவு? பையை சீட்டின் மேல் போட்டுக் கட்டினால் போதாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும்போது பரமக்குடி தாண்டியதும் ஏதோ கருகும் வாடை. முன்னால் போன லாரியின் பிரேக் என்று நினைத்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினேன். டீக்கடையில் நிறுத்திப் பார்த்தால், வலது பையின் அடி சைலன்சரில் வெல்லப்பாகு மாதிரி உருகி ஒட்டியிருந்தது. உள்ளே துண்டு பழுப்பேறி, பல் துலக்கும் பிரஷ் வளைந்து கிடந்தது. சைலன்சரில் பட்டதால் பை மட்டும்தான் போனது, சக்கரத்தில் சிக்கியிருந்தால் நான் போயிருப்பேன். பை உள்பக்கம் சாயாமல் தடுப்பது ஸ்டேதான். பையில் மிச்சம் பிடியுங்கள், ஸ்டேயில் வேண்டாம்.

சைலன்சருக்கும் சைடு பேக்குக்கும் எவ்வளவு இடைவெளி?

குறைந்தது இரண்டு அங்குலம். வண்டி நிற்கும்போது அளந்தால் போதாது, பின்னால் ஆளை உட்காரவைத்து, ஷாக் அப்சார்பர் அமுங்கிய நிலையில் அளக்க வேண்டும். பையின் நைலான் துணி உருகச் சுமார் 220 டிகிரி வேண்டும். ஆனால் மலிவான பைகளில் பட்டை பாலிப்ரொப்பிலீன், அது 160 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் முதலில் அறுவது பட்டைதான். சூட்டைத் தடுக்கப் பையின் பக்கம் அலுமினியத் தகடு அடிப்பதாக இருந்தால் வாஷர் அடுக்கி, தகட்டுக்கும் பைக்கும் நடுவில் காற்று போக வழி விடுங்கள். பையோடு ஒட்டி அடித்த தகடு தோசைக்கல் மாதிரி சூட்டை அப்படியே கடத்தும்.

இதிலேயே இன்னொன்று. கிளாசிக்கில் சைலன்சர் வலப்பக்கம் மட்டும்தான். அதனால் வலது பை வெளியே தள்ளி நிற்கும், இடது பை ஒட்டி நிற்கும். இரண்டிலும் சரியாக ஆறு ஆறு கிலோ வைத்தாலும் வண்டி வலப்பக்கம்தான் இழுக்கும். கனமான டூல்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் இடது பையில் போடுங்கள்.

தெரிந்த வெல்டிங் பட்டறை இருக்கிறது. ஸ்டேயை சேஸிஸிலேயே பற்றவைத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. பற்றவைத்த இடத்தை ஒட்டிக் குழாயின் பலம் குறையும், உள்ளே துரு பிடித்தால் வெளியே தெரியாது, கவனமில்லாமல் செய்தால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஈசியூவும் போகும். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் இடங்களே போதும்: ஷாக்கின் மேல் முனை, கிராப் ரெயில் (பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கம்பி), மட்கார்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று இடத்திலாவது பிடிக்க வேண்டும். இரண்டில் மட்டும் பிடித்தால் சிங்கிள் சிலிண்டர் அதிர்வில், கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிவது மாதிரி, ஒருநாள் ஒடியும். இடது ஸ்டேயையும் வலது ஸ்டேயையும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கம்பியால் இணைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஸ்டேயின் தடிமன் கூடுவதால் பழைய போல்ட் நீளம் பத்தாது. நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும். தலையில் 8.8 என்று பலத்தின் தரம் பொறித்த போல்ட் வாங்குங்கள். நட்டு கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நீலம் ஒரு சொட்டு போதும். சிவப்பு போட்டால் பிறகு கழற்ற முடியாமல் என்னைத் திட்டுவீர்கள்.

சாரி கார்டு இடிக்கிறது. கழற்றிவிடலாமா சார்?

கூடாது. பின்சக்கரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதியே சொல்கிறது. சட்டம் இருக்கட்டும், வண்டியில் புடவையோ துப்பட்டாவோ ஏறுகிற வீடுதானே நம்முடையது? ஸ்டேயை சாரி கார்டுக்கு வெளியே வரும்படி வளைக்கச் சொல்லுங்கள்.

எண்பதைத் தாண்டினால் பின்பக்கம் ஆடுகிறது. பை காரணமா?

பை இருக்கும் இடம்தான் காரணமாக இருக்கும். பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் எடை போகப் போக முன்சக்கரம் லேசாகிறது, ஹேண்டில் மிதக்க ஆரம்பிக்கிறது. பையை முன்னால், தாழ்வாக நகர்த்துங்கள், பின்னால் உட்காருபவர் கால் வைக்க இடம் விட்டு. பின் ஷாக்கின் விறைப்பைக் கூட்டிக் குறைக்க ஆறு படிகள் இருக்கின்றன. இரண்டு ஷாக்கையும் ஒரே படிக்கு ஏற்றுங்கள். ஒன்று மூன்றிலும் இன்னொன்று ஐந்திலும் ஓடிய வண்டியைப் பார்த்திருக்கிறேன். பின் டயரில் இருவர் ஏறும்போதுள்ள காற்றழுத்தம் வையுங்கள். ஹெட்லைட்டையும் கொஞ்சம் இறக்குங்கள், எதிரே வருகிறவர் கண் கூசும். இவ்வளவும் செய்த பிறகும் ஆடினால் எடையைக் குறையுங்கள். அதுவரை மெதுவாகப் போங்கள்.

மழைக்கு ரெயின் கவர் எது நல்லது?

எதுவும் வேண்டாம். காற்றில் கழன்று செயினுக்குள் போகும். துணியைத் தடித்த பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்கு உள்ளே வையுங்கள்.

லடாக்கில் உள்ள லே போகிறோம். அலுமினியப் பெட்டி வாங்கலாமா அண்ணா?

பூட்டலாம், நனையாது, பார்க்கவும் கம்பீரம்தான். ஆனால் காலிப் பெட்டியே கனம், அகலமும் அதிகம். சேற்றிலும் மணலிலும் காலை ஊன்றி ஊன்றிப் போகும்போது கெண்டைக்காலில் வந்து இடிக்கும். வண்டி சாய்ந்தால் பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் கால் மாட்டும். துணிப் பை நசுங்கிக் கொடுக்கும். கிளாசிக்குக்கு நான் துணிப் பைதான் சொல்வேன்.

எல்லாம் மாட்டியாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பையின் உள்பக்கத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிடுங்கள். இரண்டிலும் ஐந்து கிலோ அரிசி மூட்டை வைத்து, நிறைய வேகத்தடை உள்ள சாலையாகப் பார்த்து நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். திரும்பி வந்து பாருங்கள். சாக்பீஸ் அழிந்திருக்கும் இடத்தில் பை எங்கோ உரசுகிறது. எல்லா நட்டிலும் ஒருமுறை ஸ்பேனர் போடுங்கள். அரிசியை மட்டும் வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். நான் கேட்காமல் எடுத்தேன், ஒரு மூட்டை திருமங்கலம் வரைக்கும் சிந்திக்கொண்டே போயிருக்கிறது.