வைஃபை கேமராவைக் கம்ப்யூட்டரில் பார்க்க: ஆர்.டி.எஸ்.பி என்றால் என்ன?

கட்டுத்தரையில் மாட்டிய விலை குறைந்த வைஃபை கேமரா செல்போன் ஆப்பில் தெரிகிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் எப்படிப் பார்ப்பது?

அதற்கான வழி ஆர்.டி.எஸ்.பி (RTSP). கேமராவிடமே நேராகப் படம் கேட்கும் முறை இது, 1998-இல் தரப்படுத்தினார்கள். ஆப் பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் கேமராவைத் தேடும். இதில் அந்தச் சுற்று இல்லை. கீழ்பவானி வாய்க்காலில் நம் மடையைத் திறந்தால் நம் வயலுக்கே தண்ணீர் பாய்கிற மாதிரி. கேமராவில் அந்த மடைக்குப் போர்ட் என்று பெயர், அதன் வழக்கமான எண் 554.

ஆப்பின் செட்டிங்ஸில் ஆர்.டி.எஸ்.பியை இயக்கி, தனிக் கடவுச்சொல் கட்டாயம் வையுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் வி.எல்.சி (VLC) என்ற வீடியோ பிளேயரில் ‘ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்’ போய், அந்த மாடலுக்குரிய முழு முகவரியைக் கொடுத்தால் மாடு அசைபோடுவதுகூடத் தெரியும். பேட்டரி கேமராக்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது, கேட்டு வாங்குங்கள்.

இன்டர்நெட் இல்லாவிட்டால் படம் வராது என்பது தவறு. கேமராவும் கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும்.