சகதியில் ரேலி ஸ்பிரிண்ட்: விழாமல் முடிப்பது எப்படி?

கேள்வி: ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன், வயது 26. எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் வைத்திருக்கிறேன். நவம்பர் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடக்கும் ஒரு ரேலி ஸ்பிரிண்ட்டில் (மண் பாதையில் நேரம் கணக்கிட்டு ஓட்டும் குறுகிய போட்டி) நோவிஸ் பிரிவுக்கு, அதாவது புதியவர்கள் பிரிவுக்கு, பெயர் கொடுத்துவிட்டேன். பழகியதெல்லாம் வெயில் காலத்தில், காய்ந்த மண்ணில். இப்போது விடாத மழை. போன வாரம் ஓட்டிப் பார்த்தால் முன் சக்கரம் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. டயரில் காற்றை எவ்வளவு குறைக்கலாம்? சேற்றில் மாட்டினால் என்ன செய்வது? பேசாமல் விலகிவிடலாமா?

பதில்: விலகத் தேவையில்லை. ஆனால் வெயில் காலத்தில் போட்ட கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் வண்டி ஏறக்குறைய 158 கிலோ. சேற்றில் ஒரு முறை சாய்ந்தால் தூக்கி, மூச்சு வாங்கி, ஸ்டார்ட் செய்து கிளம்புவதற்குள் அரை நிமிடம் சுலபமாகப் போய்விடும், சில கிலோமீட்டர் ஓடும் ஸ்பிரிண்ட்டில் அந்த அரை நிமிடத்தை எவ்வளவு முறுக்கினாலும் திரும்பப் பிடிக்க முடியாது. அதோடு இரண்டு மூன்று முறை தூக்கியபின் கை வலுவிழந்து பிரேக்கையும் கிளட்ச்சையும் சரியாகப் பிடிக்க வராது, அப்புறம் விழுவது தொடர்கதைதான். நோவிஸ் பிரிவில் ஒரு முறைகூட விழாமல், எங்கேயும் நிற்காமல் நிதானமாக வருபவர் பட்டியலில் எவ்வளவு மேலே இருப்பார் என்பதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

டயர்தான் முதல் செலவு. கம்பெனி டயர் ரோடுக்கும் மண் பாதைக்கும் பொதுவானது, செம்மண் சகதி அதன் இடுக்குகளை நிரப்பிவிட்டால் பிடிப்பே இருக்காது. நாபி டயர் (பெரிய கட்டைகளாகப் பல் உள்ள மண் டயர்) போடுங்கள். இரண்டுக்கும் பணம் இல்லை என்றால் பலரும் பின் டயரை மட்டும் மாற்றுவார்கள், நான் முன் டயரைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி ஆடும், சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் நீங்கள் தரையில்தான். காற்று, முன்னும் பின்னும் 18 பிஎஸ்ஐயில் ஆரம்பித்துப் பாருங்கள். அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால் ரிம் லாக் (டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்) கட்டாயம், ஏனென்றால் உங்களுடையது ட்யூப் டயர்: காற்று குறைந்தால் டயர் ரிம்மைச் சுற்றி நழுவும், உள்ளே இருக்கும் ட்யூபையும் இழுத்துக்கொண்டு போய் வால்வை அறுத்துவிடும். சேற்றுக்குள் மறைந்திருக்கும் கல்லில் மோதி ட்யூப் கிள்ளப்படும் ஆபத்தும் உண்டு. முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரம்) ஒரு பல் குறைப்பது நல்ல யோசனை, சென்னை ஜி.பி. ரோடில் தேடினால் கிடைக்கும். செயினை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், சேறு ஏறினால் அது தானாக இறுகும்.

இப்போது ஓட்டுவதற்கு வருகிறேன், வண்டியை எவ்வளவு தயார் செய்தாலும் கடைசியில் காப்பாற்றப்போவது இதுதான். வழுக்கும்போது எல்லோரும் செய்வது ஒன்று: உட்கார்ந்துவிடுவது, இரண்டு காலையும் தொங்கப்போடுவது, பார்வையை முன் சக்கரத்தில் வைப்பது. மூன்றும் தப்பு. ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டை) நின்று, முழங்காலால் டேங்கை லேசாக அணைத்து, முழங்கையை வெளியே விரித்து, பத்து பதினைந்து மீட்டர் முன்னால் பாருங்கள். எடை காலில் இருக்கும்போது வண்டி உங்களுக்குக் கீழே தாராளமாக ஆடலாம், ஆட விடுங்கள், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு ஆட்டத்தையும் திருத்தப் போனால்தான் விழுவீர்கள். முதல் கியரில் போகவேண்டும் என்று மனசு சொல்லும் இடத்தில் இரண்டாவதில் போங்கள், இரண்டாவதுக்கு மூன்றாவது. சிறிய கியரில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திருப்பினாலே பின் சக்கரம் வெறுமனே சுற்றிக் குழி தோண்டும். பெரிய கியரில் அந்த முரட்டுத்தனம் குறையும், எஞ்சின் திணறினால் ஒரு விரலோ இரண்டு விரலோ வைத்து கிளட்ச்சை லேசாக இழுத்து விடுங்கள், அவ்வளவு போதும். கிளட்ச் தாங்கும். அரை கிளட்ச்சிலேயே போட்டிப் பாதை முழுக்க ஓட்டினால் மட்டும் தாங்காது. முன் பிரேக்கை வண்டி நேராக இருக்கும்போது, திருப்பத்துக்கு நன்றாக முன்பே, மெதுவாகப் பிடித்து விட்டுவிடுங்கள்.

டிராக்டர் தடம் தனிப் பாடம். சக்கரம் அழுத்திய பள்ளத்தின் அடி பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், நடுவில் இருக்கும் புல் மேடுதான் வழுக்கும், அங்கிருந்து பக்கவாட்டில் பள்ளத்துக்குள் சரிவதுதான் மிக மோசமான விழுகை. ஆகவே தொடக்கத்திலேயே ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுத்து, பார்வையை அது முடியும் இடத்தில் வைத்து, சீரான ஆக்ஸிலரேட்டரோடு முழுக்க அதிலேயே போங்கள். பாதியில் மனசு மாறக்கூடாது. பள்ளம் ஃபுட்பெக் தட்டும் அளவுக்கு ஆழமாகிவிட்டதா, அதில் இறங்கவே வேண்டாம், டேப் கட்டிய எல்லைக்குள் ஓரமாக மிதிபடாத மண் எங்கே என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம், புதிதாக வருபவர்கள் யோசிப்பதில்லை. ஸ்பிரிண்ட்டில் ஒவ்வொருவராக விடுவார்கள், நோவிஸ் பிரிவு பெரும்பாலும் பின்னால்தான் கிளம்பும். முந்தைய நாள் நீங்கள் நடந்து பார்த்த பாதை அப்போது இருக்காது, உங்களுக்கு முன்னால் போனவர்கள் உழுதுவிட்டிருப்பார்கள். முடித்துத் திரும்பி வருபவர்களிடம் எந்தத் திருப்பத்தில் இடது பக்கம் நல்லது, எங்கே தண்ணீர் ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், நம்ம ஊர் பேடக்கில் (வண்டிகளை நிறுத்தித் தயார் செய்யும் இடம்) அந்தப் பெருந்தன்மை உண்டு. செம்மண்ணைப் பொறுத்தவரை முதல் தூறலில்தான் வழுக்கல் அதிகம். நன்றாகக் கொட்டித் தீர்த்தபின் மேல் சகதி இளகி, டயர் அடியில் இருக்கும் கெட்டி மண்ணைப் பிடிக்கும். ஏரி ஓரக் களிமண்ணுக்கு இது பொருந்தாது, அது மழை கூடக்கூட மோசமாகும்.

மாட்டிக்கொண்டால் முறுக்காதீர்கள். இறங்குங்கள். பின் சக்கரம் அச்சு வரை புதைந்திருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைப் பக்கவாட்டில் அப்படியே படுக்க வையுங்கள், சக்கரம் குழியைவிட்டு வெளியே வந்துவிடும். குழியைக் காலால் மண் தள்ளி மூடுங்கள், கிளையோ கல்லோ கிடைத்தால் போடுங்கள், நிமிர்த்துங்கள். இரண்டாவது கியரில், பக்கத்தில் நடந்தபடி தள்ளி வெளியே கொண்டுவந்தபின் ஏறிக்கொள்ளலாம். விழுந்த வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் சாவியை ஒரு முறை ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள், சாய்வு சென்சார் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தண்ணீருக்குள் மூழ்கி எஞ்சின் நின்றால் செல்ஃபைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுழலவிட்டுத் தண்ணீரை வெளியே துப்ப வைத்து, ஏர் ஃபில்டரைப் பார்த்தபின்தான் மறுபடி முயற்சி. பிளக் ஸ்பேனர் உடம்போடு இருக்கட்டும்.

வயரிங் கனெக்டர்களில் தண்ணீர் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுவதை மெக்கானிக் தேவையில்லை என்பார், தடவச் சொல்லுங்கள். 2015 டக்கார் ரேலியில் பொலிவியாவின் உயுனி உப்பு வெளி மழையில் நனைந்து கிடந்தபோது, முன்னணியில் இருந்த ஸ்பெயின் வீரர் ஜோன் பரேதாவின் வண்டியே மின்கோளாறில் அங்கே படுத்து, அவர் முதலிடத்தை இழந்தார். அதே ரேலியில் முதல் முறையாகக் கலந்துகொண்ட நம் சி.எஸ். சந்தோஷ் 36ஆவது இடத்தில் முடித்தார், டக்காரை முடித்த முதல் இந்தியர் அவர்தான்.

சின்ன வேலைகள் சில. மட்கார்டின் அடியிலும் எஞ்சின் கார்டிலும் சிலிகான் ஸ்பிரே அடித்தால் சேறு அவ்வளவாக ஒட்டாது. கண்ணாடிக்கு ரோல்-ஆஃப் (இழுத்தால் சுருளிலிருந்து புதுப் படலம் வரும்) வாங்குங்கள், ஒவ்வொன்றாகக் கிழித்துப் போடும் டேர்-ஆஃப் தாள்களுக்கு நடுவே மழைநீர் புகுந்தால் எதுவும் தெரியாது. இரண்டாவது ஜோடி கையுறையைப் பாலித்தீன் பையில் வையுங்கள். எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) லைசென்ஸை இப்போதே முடித்துவிடுங்கள். மழையில் தாகமே தெரியாது, ஆனால் நம் புழுக்கத்தில் அத்தனை கவசத்துக்குள் ஆறாக வியர்க்கும், கிளம்புவதற்கு முன்பே ஓஆர்எஸ்ஸோ உப்புப் போட்ட மோரோ குடியுங்கள்.

விலக வேண்டிய நேரமும் உண்டு. கடக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடினால், இடி மின்னல் நெருங்கினால், தலை சுற்றினால், விரல்கள் பிரேக் லீவரை இழுக்க மறுத்தால் ஓரம் கட்டி, பாதையோரம் நிற்கும் போட்டி அலுவலரான மார்ஷலுக்குக் கை காட்டுங்கள்.

முடித்ததும் சாப்பாட்டுக்கு முன் குளியல், சிராய்ப்புகளைச் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து. டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டிக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். மழைத் தண்ணீர் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும், டாக்டரிடம் போனதும் சேற்றில் வண்டி ஓட்டியதையும் எந்தத் தேதி என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள், அவராகக் கேட்க வாய்ப்பில்லை.