மூடியது குற்றமா?

கேள்வி: அமெரிக்காவிலும் மற்ற மேலைநாடுகளிலும் வீடற்றவர்களுக்காகத் தற்காலிகக் காப்பகம் திறக்கிறார்கள். குடித்துவிட்டு வந்தாலும் சேர்க்கிறார்கள், அடையாள அட்டை கேட்பதில்லை, நாயைக்கூட உள்ளே விடுகிறார்கள். ஒன்றிரண்டு ஆண்டுகளில் அதற்குப் பூட்டும் போட்டுவிடுகிறார்கள். ஒழுங்கில்லாதவர்களுக்கு வரிப்பணத்தை வாரி இறைத்துவிட்டுக் கடைசியில் மூடுவதற்கு எதற்கு இத்தனை ஆரவாரம்?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு குற்றச்சாட்டுகள் உள்ளன. முதலாவது தவறு. இரண்டாவது பாதி சரி. அந்தப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாயிலிருந்தே தொடங்குவோம். தெருவில் பல ஆண்டுகள் கிடந்தவருக்கு எஞ்சியிருப்பது ஒரு துணை, ஒரு நாய், ஒரு மூட்டை. பழைய பாணிக் காப்பகங்கள் இந்த மூன்றையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லும். கணவன் ஒரு கூடத்தில், மனைவி வேறொரு கூடத்தில். மாலையில் வரிசையில் நிற்க வேண்டும், விடிந்ததும் வெளியேற வேண்டும். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்பிவிடுவார். 'உதவியை மறுத்தார்' என்று பதிவேட்டில் ஏறிவிடும். நிபந்தனை போட்டதால் யாரும் திருந்திவிடவில்லை, யார் தெருவில் கிடப்பது என்பது மட்டும்தான் முடிவானது.

2015 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ நகரம் மிஷன் தெருவில் இருந்த ஒரு பழைய பள்ளி வளாகத்தில் 75 படுக்கைகளுடன் 'நேவிகேஷன் சென்டர்' என்ற தற்காலிகக் காப்பகத்தைத் திறந்தபோது இந்த முறையைத்தான் மாற்றியது. துணையோடு வரலாம், நாயோடு வரலாம், மூட்டையோடும் வரலாம், எந்நேரமும் போய் வரலாம். இதைக் கட்டுப்பாடே இல்லாத சத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தகைய காப்பகங்களில் அடிதடிக்கும் ஆயுதத்துக்கும் இடமில்லை. வரும்போது குடித்திருக்கிறாரா என்பதைப் பார்க்க மாட்டார்கள், உள்ளே வந்தபின் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பார்ப்பார்கள்.

'முதலில் திருந்தட்டும், பிறகு வீடு கொடுக்கலாம்' என்பீர்கள். கனடா இதைச் சோதித்தே பார்த்துவிட்டது. 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநலப் பாதிப்புள்ள வீடற்றவர்கள் 2,000க்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நிபந்தனையில்லாமல் வீடும் கூடவே உதவியும். மற்றப் பிரிவுக்கு வழக்கமான சேவைகள். ஆய்வின் கடைசி ஆறு மாதங்கள் முழுவதும் வீட்டிலேயே இருந்தவர்கள் முதல் பிரிவில் 62 சதவீதம், இரண்டாவதில் 31. குடி குறைந்ததா என்றால், இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீடு கொடுத்தால் போதை தானாகத் தெளிந்துவிடும் என்று பேசுகிறவர்களையும் நம்பாதீர்கள். ஆனால் தெருவில் கிடந்து குடிப்பவருக்கும் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பவருக்கும் ஆயுளில் வித்தியாசம் உண்டு. ஆம்புலன்ஸ் செலவிலும்தான்.

இனி பூட்டு விஷயம். தற்காலிகம் என்று சொல்லித் திறந்ததை மூடுவதில் தவறில்லை. மூடுகிற அன்று உள்ளே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் கேள்வி. காப்பகத்தில் ஒருவர் தங்கும் காலத்தை உண்மையில் தீர்மானிப்பது வெளியே இருக்கும் வீடுகள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருக்கும், அதை வாங்க அடையாள அட்டை வேண்டும், அட்டை வாங்கச் சான்றிதழ் வேண்டும். சமூகப் பணியாளர் அலைந்து திரிந்து இரண்டையும் சேர்த்துவிடுவார். அரசு வாடகை உதவியும் கிடைத்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க முறைப்படி வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை அவர் கட்டினால் மீதியை அரசு கட்டும். ஆனால் அந்த வாடகை உதவிச் சீட்டை வைத்துக்கொண்டு வீடு தேடினால், பழைய வாடகை பாக்கியையோ சிறை சென்ற கதையையோ காட்டி வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிறார். வெளிவாசல் அடைபட்டால் படுக்கை காலியாகாது. உடனே நிர்வாகம் கண்டுபிடிக்கும் குறுக்குவழி தங்குவதற்குக் கெடு வைப்பது. கெடு முடிந்து தெருவுக்குப் போனவரும் அறிக்கையில் 'வெளியேறியவர்' என்றுதான் எண்ணப்படுவார்.

ஒழுங்காக மூடுவது தனி வேலை. பல வாரங்களுக்கு முன்பே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் 'படுக்கை காலியாகக் கிடக்கிறதே' என்று பத்திரிகைகள் (நாங்களும்தான்) எழுதும். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் ஊழியர்கள் வேறிடம் தேடிப் போய்விடுவார்கள். அதுவும் எல்லாரும் நம்பியிருந்த அந்த இரவுநேரக் காவலர்தான் முதலில் போவார். எளிதில் வீடு கிடைக்கக்கூடியவர்கள் முன்னரே போயிருப்பார்கள். கடைசியில் மிஞ்சுகிறவர் சக்கர நாற்காலியில் இருப்பவர், எந்த வீட்டுக்காரரும் ஏற்காதவர், யாரோடும் பேசாதவர். அதாவது, ஆள் குறைந்த நேரத்தில்தான் கடினமான வேலை வந்து சேர்கிறது. அவர்களுக்கு அரசுக் கடிதம் வருவது அந்தக் காப்பக முகவரிக்குத்தான். கட்டிடத்தைப் பூட்டிய மறுவாரம் உதவித்தொகைக் கடிதம் அங்கே வந்து திரும்பிப்போனால், மாதக்கணக்கில் அலைந்து வாங்கியது கைநழுவும். வீடு கிடைத்தவரையும் அத்தோடு விட்டுவிட முடியாது. முதல் சில மாதங்கள் தனிமை தாங்காமல் பழைய கூட்டாளிகளைத் தேடித் தெருவுக்கே போகிறவர்கள் உண்டு. ஆனால் அவரைப் போய்ப் பார்க்க வேண்டிய பணியாளரின் சம்பளம் காப்பகக் கணக்கில் இருந்திருக்கும், கணக்கும் மூடியிருக்கும். மூடுவதற்கென்று திறப்பு விழா அன்றே பணம் ஒதுக்காத நகரசபையை நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். நானும் சேர்ந்துகொள்கிறேன்.

நன்றாக மூடியவர்களும் இருக்கிறார்கள். மிஷன் தெருக் காப்பகத்தை மூடிவிட்டு அதே நிலத்தில் 157 குறைந்த வாடகை வீடுகள் கட்டினார்கள். அவற்றில் ஒரு பங்கு வீடற்றிருந்த குடும்பங்களுக்கு. பின்லாந்து இன்னும் துணிந்தது. 2008இல் தேசியத் திட்டம் தொடங்கி, கூட்டமாகப் படுக்கும் விடுதிகளையே ஒவ்வொன்றாகத் தனித்தனி வீடுகளாக மாற்றியது. தலைநகர் ஹெல்சின்கியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய பெரிய விடுதியொன்று 81 வீடுகளாயிற்று. குடியிருப்பவர் பெயரிலேயே வாடகை ஒப்பந்தம், உதவிக்கு ஆட்கள் அதே கட்டிடத்தில். அந்த நகரில் 2008இல் 558 ஆக இருந்த காப்பகப் படுக்கைகள் 2016இல் 52 ஆகக் குறைந்தன. அத்தனையும் நீங்கள் குறைசொல்லும் அதே 'மூடுதல்'தான்.

எனவே அடுத்த முறை ஒரு நகரசபை காப்பகத்தை வெற்றிகரமாக நிறைவு செய்தோம் என்று அறிவித்தால், எத்தனை டாலர் செலவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இத்தகைய கணக்குகளில் 'சென்ற இடம் தெரியவில்லை' என்று ஒரு வரி இருக்கும். அதில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால் எழுதி அனுப்புங்கள், கடிதங்கள் பகுதியில் முதலாவதாகப் போடுகிறேன்.