லைக் வாங்கின நான் மட்டும்தான் வளர்ந்தேன்

"சோஷியல் மீடியா உங்க அடையாளத்தையும் தினசரி உறவுகளையும் எப்படி மாத்திச்சு?"ன்னு கேட்டிருக்கீங்க. பொதுவா நல்லது கெட்டதுன்னு சொல்றத விட எனக்கு நடந்ததையே சொல்லிடறேன்.

நான் பென்சில்ல வரைவேன். வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி நேரம், பெரும்பாலும் மரம்தான், சில நாள் கை, பழைய செருப்பு, கண்ணுல எது படுதோ அது. இன்ஸ்டாகிராம்ல போட ஆரம்பிச்சப்போ ஒரு மரத்துக்கு 15, 20 லைக் வரும். ஒரு நாள் சும்மா ஒரு முகம் வரைஞ்சு போட்டேன், 300 தாண்டிடுச்சு. முகம் மட்டும் வரைன்னு யாரும் என்கிட்ட சொல்லல, நானும் அப்படி முடிவு எடுக்கல, ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு நோட்ட புரட்டுனா வெறும் முகம், முகம், முகம். பயோல "போர்ட்ரெய்ட் ஆர்ட்டிஸ்ட்"னு நானே எழுதியிருக்கேன். அப்புறம் போன் ரிப்பேர் ஆகி கடைல குடுத்திருந்த ஒரு ராத்திரி நோட்டோட உக்காந்தா என்ன வரையறதுன்னே தெரியல, போட முடியாத படத்த எதுக்கு வரையணும்னு தோணுச்சு பாருங்க, அப்போ நெஜமாவே பயந்துட்டேன். மரம் வரையறதுன்னா எனக்கு அவ்ளோ பிடிக்கும்.

மத்தவங்க கண்ணுக்கு நாம எப்படி தெரியறோம்னு நாமளே நெனச்சுக்கறோம்ல, அதுல இருந்துதான் "நான்"ங்கறதே உருவாகுதுன்னு சார்லஸ் கூலின்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1902லயே எழுதியிருக்காரு. அதனால ஊர் கண்ணுல நம்மள பாத்துக்கறது புதுசு இல்ல. ஆனா அப்போ அது ஒரு யூகம். அம்மாவோட மௌனம், பிரெண்டு ஒரு செகண்ட் தயங்கி சொன்ன "ம்ம் நல்லாருக்கு", இதையெல்லாம் வச்சு நாமளே புரிஞ்சுக்கணும், தப்பா புரிஞ்சுக்கவும் இடம் இருக்கு, ஒருத்தர்கிட்ட ஒரு மாதிரி இன்னொருத்தர்கிட்ட வேற மாதிரி இருக்கவும் இடம் இருக்கு. 2009ல ஃபேஸ்புக் லைக் பட்டன் கொண்டு வந்துச்சு, அந்த யூகத்துக்கு பதிலா கைல ஒரு நம்பர் வந்துருச்சு. என் படத்த பத்து நிமிஷம் உத்துப் பாத்த ஆளும் 1, பஸ்ல போன் ஸ்கிரீன தள்ளிக்கிட்டே போறப்ப விரல் பட்டவரும் 1. அந்த நம்பருக்கு ஏத்த மாதிரிதான் நான் வளர்ந்தேன், லைக் வராத பக்கமெல்லாம் தண்ணி ஊத்தாத செடி மாதிரி காஞ்சு போச்சு. (இப்போ லைக் எண்ணிக்கைய மறைச்சு வச்சுக்கலாம், 2021ல இருந்தே அந்த செட்டிங் இருக்கு, நானும் மறைச்சுட்டேன், கொஞ்சம் நிம்மதியாத்தான் இருக்கு.)

நல்லதே இல்லையான்னா இருக்கு. ஷேடிங் எனக்கு சொல்லித் தந்தது நேர்ல பாத்தே இல்லாத ஒருத்தர்தான், அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு.

உறவு விஷயத்துலதான் எனக்கு மனசு ஆறல. அக்கா வேற ஊர்ல இருக்கா. இன்ஸ்டால 2016ல ஸ்டோரி வந்ததுல இருந்து யார் யார் பாத்தாங்கன்னு லிஸ்ட் தெரியும் இல்லையா, அதுல அக்கா பேரு தினமும் இருக்கும். அந்தப் பேர பாக்குறதே அவகூட பேசின மாதிரி இருக்கும் எனக்கு, சரி அக்கா நல்லாருக்கா, நாம டச்லதான் இருக்கோம்னு மனசு டிக் போட்டுரும். இப்படியே ஏழு மாசம் ஒரு போன் கூட பண்ணல. நேர்ல பாத்தப்போதான் சொன்னா, வேலை போய் நாலு மாசம் ஆச்சாம். ஏன்க்கா சொல்லலன்னு கோவமா கேட்டேன். "நான் உன்ன தினமும் பாத்துட்டுத்தான்டா இருந்தேன், நீ என்ன பாக்கவே இல்லையே"ன்னா.

அவ எதுவுமே போஸ்ட் பண்ண மாட்டா. இதத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். போடறவங்க வாழ்க்கை தினமும் கண்ணு முன்னாடி ஓடுது, மூணு வருஷமா பேசாத காலேஜ் கிளாஸ்மேட் எங்க டூர் போனான்னு எனக்குத் தெரியும், போடாத அக்காவுக்கு வேலை போனது தெரியாது. ஒரு மனுஷனால உருப்படியா வச்சுக்க முடியற உறவுங்க சுமார் 150தான், அதுலயும் ரொம்ப நெருக்கம் ஒரு அஞ்சு பேருன்னு ராபின் டன்பார்னு ஒரு ஆராய்ச்சியாளர் சொல்றாரு. கணக்கு கொஞ்சம் முன்னபின்ன இருக்கட்டும், அந்த அஞ்சு பேர்ல ஒருத்திக்கு போக வேண்டிய நேரம் எங்க போச்சுன்னு எனக்கு நல்லாவே தெரியும். அவள யாரும் என்கிட்ட இருந்து பிரிக்கல, நான்தான் கேக்கறத நிறுத்திட்டேன், அவ பேரு லிஸ்ட்ல இருக்குங்கற ஒரே காரணத்துக்காக.

அக்கவுண்ட்ட மூடல, முகமும் இப்பவும் வரையறேன். மரம் மட்டும் எங்கயும் போடறது இல்ல, வரைஞ்சு அக்காவுக்கு மட்டும் வாட்ஸப்ல அனுப்புவேன். சில சமயம் ரெண்டு நாள் கழிச்சுத்தான் பாப்பா. போன வாரம் பாத்துட்டு போன் பண்ணா, "எடது பக்கம் அந்த கிளை மட்டும் ஒட்ட வச்ச மாதிரி இருக்குடா"ன்னா. எடுத்துப் பாத்தேன், ஆமா, அப்படித்தான் இருந்துச்சு. அவ லைன்ல இருக்கும்போதே அழிச்சுட்டு திரும்ப வரைஞ்சேன்.