மீன் செத்து மிதக்கவில்லை என்றால் ஆற்றில், ஏரியில் உலோக நஞ்சு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. நான் கடலூர் முதுநகர்க்காரன், விலங்கியல் படித்தவன். சிப்காட் தொழிற்பேட்டை ஓரமாக ஓடும் உப்பனாற்றில் மீன் செத்து ஒதுங்கினால்தான் எங்கள் ஊரில் பேச்சே எழும். ஆனால் மீன் கூட்டமாகச் சாக, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலே போதும். ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் வேலை செய்யும்.

முதலில் அடி வாங்குவது செவுள். நன்னீரில் உப்பு குறைவு. அதனால் ஏரிக் கெண்டை சோடியத்தையும் கால்சியத்தையும் செவுள் வழியாக ஓயாமல் உள்ளே இழுத்தாக வேண்டும். தாமிரம் சோடியத்தின் பாதையை மறிக்கிறது. காட்மியமோ கால்சியம் நுழையும் வழியிலேயே தானும் நுழைந்துவிடுகிறது. செவுள் கோழையைக் கக்கும். கல்லூரியில் அப்படிப்பட்ட செவுளை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன்: சீப்புப் பற்கள் போலத் தனித்தனியாக நிற்க வேண்டிய இழைகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அந்த மீனுக்குத் தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மூச்சு முட்டும்.

எனக்கு இதைவிட வேதனையாகப் படுவது மோப்பம் போவது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் தாமிரமே சால்மன் குஞ்சுகளின் மோப்பத்தை மழுங்கடித்துவிடுகிறது. எதிரி பக்கத்தில் வந்தாலும் தெரியாது. அந்தக் குஞ்சு விஷத்தால் சாகாது, வேறொரு மீனுக்கு இரையாகிப் போகும். எந்தக் கணக்கிலும் வராத சாவு அது.

ஈயம் நாள்பட்டால் முதுகெலும்பு வளையும். ஈரலும் சிறுநீரகமும் உலோகத்தைப் பிடித்துவைத்து ஓரளவு சமாளிக்கும், அவ்வளவுதான்.

சரி, சாப்பிடலாமா? சந்தேகமான நீர்நிலை மீன் என்றால் குடல், ஈரல், செவுளைக் கண்டிப்பாகக் கழித்துவிடுங்கள். காட்மியம் தசையைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் அதிகம் சேரும். பாதரசம் மட்டும் வேறு மாதிரி. அது மெத்தில் பாதரசமாகச் சதையிலேயே தங்கும். எத்தனை முறை கழுவினாலும், வறுத்தாலும் போகாது. சின்ன மீனைத் தின்று வளரும் விராலில் அது கூடுதலாகச் சேரும். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் அப்படிப்பட்ட இடத்து விராலைத் தவிர்ப்பதே நல்லது.

அப்புறம், புகார் கொடுப்பதாக இருந்தால் தண்ணீரை மட்டும் பரிசோதித்தால் போதாது. உலோகம் சீக்கிரமே சேற்றில் படிந்துவிடும், மேல்தண்ணீர் சுத்தமாகத் தெரியும். அடிச்சேற்றையும் மீனின் ஈரலையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.