கை நடுக்கமும் தெம்பின் ஏற்ற இறக்கமும்: கேள்விகளும் பதில்களும்

மதுரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். "கை நடுங்குகிறது, காலையில் இருக்கிற தெம்பு மதியத்துக்குள் காணாமல் போகிறது, சோதித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள்" என்ற முறையீட்டைக் கேட்காத வாரம் இல்லை. வந்த கேள்விகளைச் சுருக்கித் தந்து, ஒவ்வொன்றுக்கும் என் பதிலை எழுதியிருக்கிறேன். நேரில் பார்க்காமல் நோய் இன்னதென்று முடிவு கட்ட முடியாது. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று மட்டுமே சொல்ல முடியும்.

திருமங்கலம், மளிகைக்கடைக்காரர், வயது 46: ஐயா, ஆறு மாதமாகத் தராசில் சாமான் போடும்போது கை நடுங்குகிறது. பெரும்பாலும் பதினொன்றரை மணிக்கு மேல்தான். கூடவே படபடப்பும் வருகிறது. பிற்பகல் 3 மணிக்கு உடம்பு துவண்டுவிடுகிறது. முழு உடல் பரிசோதனை செய்தேன். எல்லாம் சரி என்று தாள் வந்தது. பிறகு ஏன் நடுங்குகிறது?

பதில்: தாளில் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் எடுத்த இரத்தம் 7 மணி நிலவரத்தைத்தான் சொல்லும். பதினொன்றரை மணிக்கு உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைப் பதினொன்றரை மணிக்குத்தான் பார்க்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்துதான் ஒருவருக்கு நடுக்கம் வருகிறது என்று உறுதி செய்ய, அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930களில் மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: அறிகுறி இருக்க வேண்டும், அதே நேரத்தில் அளந்த சர்க்கரை தாழ்ந்திருக்க வேண்டும், சர்க்கரை ஏறியதும் அறிகுறி விலக வேண்டும். இன்றும் நாங்கள் அதைத்தான் பின்பற்றுகிறோம். சர்க்கரை நோய் இல்லாத ஒருவருக்கு அளவு 55 மில்லிகிராமுக்குக் கீழே போனால்தான் நாங்கள் அதைப் பொருட்படுத்துவோம். விரலில் குத்திப் பார்க்கும் கருவி சற்று முன்பின் காட்டும் என்பதால், அதில் குறைவாக வந்தால் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே இன்னொரு பரிசோதனைத் தொகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். கடைக் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, இரண்டு வாரத்துக்கு எழுதி வாருங்கள்: நடுக்கம் தொடங்கிய மணி, அடங்கிய மணி, அதற்கு முன்பு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை காபி குடித்தீர்கள், என்ன மருந்து எடுத்தீர்கள், நடுங்கும்போது விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை எவ்வளவு. மருந்து என்று நீங்கள் நினைக்காதவற்றையும் எழுதுங்கள். கடை அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுவிடாதீர்கள். காபியைப் பொறுத்தவரை, உள்ளே போன காஃபினில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், உதாரணமாக 7 மணிக்கும் 9 மணிக்கும் பத்தரைக்கும் குடித்தால் அந்த மூன்று டம்ளரும் பதினொன்றரை மணிக்கு ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும். ஆனால் இந்த இரண்டு வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள். மாற்றிவிட்டால் எது காரணம் என்று தெரியாமல் போகும். எழுதி முடித்ததும் அனுப்புங்கள்.

மேலூர், மகள் கேட்கிறார்: அப்பாவுக்கு வயது 71. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது வாரத்தில் இரண்டு நாள், மாலையில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறுகிறது. சர்க்கரை கூடிவிட்டதென்று இரவுச் சோற்றை நிறுத்திவிட்டோம். சரிதானா?

பதில்: இல்லை அம்மா, இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வது சர்க்கரை கூடியதன் அடையாளமாகத் தெரியவில்லை, தாழ்ந்ததன் அடையாளமாகவே தெரிகிறது. இந்த வகை மாத்திரை, வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். வயதாக ஆகச் சிறுநீரகம் தளர்ந்து மருந்து உடம்பில் தங்கும் நேரம் நீளும்போது, பத்து ஆண்டு ஒத்துக்கொண்ட அதே அளவு ஒருநாள் அதிகமாகிவிடும். விரதம் என்று சாப்பாட்டைத் தவிர்த்து மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அழகரைப் பார்க்க வெயிலில் நடந்து வந்து விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நடுங்கும்போது அளந்து பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், அல்லது அளக்கக் கருவி இல்லாவிட்டாலும், 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். இந்த மாத்திரையால் தாழ்ந்த சர்க்கரை, ஒருமுறை ஏறிய பிறகும் பல மணி நேரம் கழித்துத் திரும்பத் தாழக்கூடும் என்பதால், தெளிந்துவிட்டார் என்று வீட்டில் வைத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சோதனை பார்த்து, மாத்திரையை மாற்றுவதா குறைப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும். இரத்த அழுத்தத்துக்கு அட்டினலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். அது நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வை ஒன்றுதான் மிஞ்சும்.

மாட்டுத்தாவணி, பூக் கட்டுபவர், வயது 34: நாரில் மல்லிகையை வைத்து முடிச்சுப் போட முடியவில்லை, விரல் நுனி அதிர்கிறது. நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை ஆறு கிலோ குறைந்துவிட்டது. தூக்கம் இல்லை. முடி கொட்டுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: கைகளை நேராக நீட்டி, விரல்களை விரித்து, அவற்றின் மேல் செய்தித்தாளின் ஒரு தாளை யாரையாவது வைக்கச் சொல்லுங்கள். தாளின் ஓரம் சிலிர்ப்பதுபோல் விடாமல் படபடத்தால் அது மெல்லிய, வேகமான நடுக்கம். பசி குறையாமல் எடை குறைவது, தூக்கமின்மை, முடி உதிர்வு எல்லாம் சேர்ந்தால் என் எண்ணம் முதலில் தைராய்டு மிகையாகச் சுரப்பதன் பக்கம்தான் போகும். டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 என்ற இரண்டு தைராய்டு இரத்தச் சோதனைகளும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: முடி மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். அது இரத்தத்தில் இருந்தால், தைராய்டு சரியாக இருப்பவருக்குக்கூடச் சில ஆய்வகக் கருவிகள் ஏமாந்து, மிகையாகச் சுரப்பதைப்போலக் காட்டும். இரண்டு மூன்று நாள் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இரத்தம் கொடுங்கள். கடந்த ஓராண்டுக்குள் பிள்ளை பெற்றிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பேறுகாலத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி தானாக அடங்கக்கூடியது, அதற்கான மருத்துவமும் வேறு.

செல்லூர், நெசவாளர், வயது 52: சும்மா இருக்கும்போது கை அமைதியாக இருக்கிறது. டம்ளரை வாய்க்குக் கொண்டு போகும்போதும், அறுந்த இழையைப் பிணைக்கும்போதும்தான் நடுங்குகிறது. எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது. இது பார்க்கின்சன் நோயா?

பதில்: நீங்களே பாதி பதிலைச் சொல்லிவிட்டீர்கள். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிவைத்த நோயில் கை பெரும்பாலும் ஓய்வில் நடுங்கும். மடியில் வைத்த கை, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல, வினாடிக்கு நாலிலிருந்து ஆறு முறை அசையும். ஒரு பக்கத்தில் தொடங்கும். எதையாவது எடுக்கப் போனால் குறையும். கூடவே உடம்பின் வேகம் குறையும், எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். உங்களுக்கு இருப்பது அதற்கு நேரெதிர்: வேலை செய்யும்போது வருகிறது, குடும்பத்தில் இருக்கிறது. இதைப் பரம்பரை நடுக்கம் என்று சொல்லலாம். வீட்டில் அம்மாவையோ மகளையோ கூப்பிட்டுச் சிக்குக் கோலத்தின் ஒரு வளைவை உங்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்லி, அதே வளைவை நீங்கள் தாளில் பேனாவால் வரைந்து பாருங்கள். கோடு அலை அலையாக வந்தால் அந்தத் தாளையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எங்கள் கண்ணுக்கு அது ஒரு ஸ்கேனைவிட அதிகம் சொல்லும். புரோப்ரனலால் பலருக்குக் கேட்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்கள் தொடக்கூடாது. கொஞ்சம் குடித்தால் இந்த நடுக்கம் அடங்கும் என்று யாராவது சொல்லுவார்கள். உண்மைதான், ஆனால் போதை இறங்கியதும் முன்னிலும் அதிகமாக ஆடும், பிறகு அதை அடக்க இன்னொரு முறை குடிக்க வேண்டிவரும்.

சோழவந்தான், மகன் கேட்கிறார்: அம்மாவுக்கு வயது 63. ஓராண்டாகத் தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரையும் வாயுத் தொல்லைக்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். மூன்று மாதமாக மடியில் வைத்த கை நடுங்குகிறது, நடை தளர்ந்துவிட்டது, முகத்தில் சிரிப்பே இல்லை.

பதில்: தம்பி, அந்த இரண்டு மாத்திரை அட்டைகளின் பின்புறத்தைப் படியுங்கள். ஒன்றில் சின்னரிசின் அல்லது ஃபுளூனரிசின், மற்றதில் லெவோசல்பிரைடு என்று இருந்தால், அம்மாவுக்கு வந்திருப்பது மாத்திரையால் வந்த பார்க்கின்சன் சாயலாக இருக்கலாம். இந்த மருந்துகள் மூளையில் அசைவுகளைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. சில நாள் சாப்பிடத் தந்ததை மாதக்கணக்கில் சாப்பிடும்போது இப்படி ஆகும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிட என் தவறிலிருந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டியின் நடுக்கத்துக்குப் பார்க்கின்சன் மருந்தே கொடுத்துவிட்டேன். இரண்டாம் முறை வந்தபோது அவர் மஞ்சப்பையைக் கவிழ்த்துக் கொட்டியதில், நான் கேட்காமல் விட்ட வாயு மாத்திரை அட்டை ஒன்று வெளியே விழுந்தது. அதை நிறுத்திய பிறகு நான்கு மாதத்தில் அவர் கை நின்றது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே இதைச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். சரியாக வாரங்களும் மாதங்களும் ஆகலாம். நிறுத்திய பிறகும் விலகாவிட்டால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். பெரியாஸ்பத்திரியில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம், விவசாயி: பருத்திக்கு மருந்து அடித்த அன்று சாயங்காலம் கை நடுங்குகிறது, எச்சில் ஊறுகிறது, பார்வை மங்குகிறது. குளித்துப் படுத்தால் சரியாகிவிடுகிறது.

பதில்: அது நஞ்சு ஏறியதன் அடையாளம். அடுத்த முறை இப்படி வந்தால் படுக்காதீர்கள்; உடுப்பைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளித்து, மருந்து டப்பாவின் பெயர்ச்சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தெளிக்கும் வேலையை இனி வேறொருவர் செய்யட்டும் என்றும் சொல்ல மாட்டேன், அவருக்கும் இதுவே நடக்கும். கையுறை, முகமூடி, காற்றுக்கு எதிராகத் தெளிக்காமை ஆகிய மூன்றும் கட்டாயம்.

வாடிப்பட்டி, மனைவி கேட்கிறார்: என் வீட்டுக்காரர் பதினைந்து ஆண்டுகளாகக் குடிப்பவர். நேற்று முதல் நிறுத்திவிட்டார். கை உதறுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் போய்விடுமா?

பதில்: நல்ல முடிவைத் தவறான இடத்தில் எடுத்திருக்கிறார். வீட்டில் வைத்துக்கொள்ளாமல் இன்றே மருத்துவமனையில் சேருங்கள். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே உதறல் தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை மனக்குழப்பமும் காய்ச்சலும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தின் துணையோடு பாதுகாப்பாக நிறுத்த முடியும்.

திருப்பரங்குன்றம், வயது 58, பெண்: மூட்டு வலிக்குப் பெயர் இல்லாத பொட்டல மாத்திரை சாப்பிட்டபோது யானை பலம் இருந்தது. நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. எழுந்தால் கிறுகிறுக்கிறது, உடம்பில் உயிரே இல்லை.

பதில்: அந்த யானை பலத்தைப் பார்த்தால் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. வாந்தியோ மயக்கமோ சேர்ந்தால் அவசரம். இல்லாவிட்டாலும் நாளைக்கே மருத்துவரிடம் போய், அந்தச் சுரப்பி சுரக்கும் கார்டிசாலைக் காலை 8 மணிக்குப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்திலும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால் அது பொருட்படுத்த வேண்டிய இறக்கம்.

அண்ணா நகர், கல்லூரி மாணவர், வயது 20: கை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம், கையெழுத்து கெட்டுவிட்டது. கல்லீரல் சோதனையும் சற்று மாறி வந்தது. பரீட்சைப் பயம் என்கிறார்கள்.

பதில்: இருபது வயதில் நடுக்கமும் கல்லீரல் மாற்றமும் சேர்ந்தால், பயம் என்று ஒதுக்குவதற்கு முன் வில்சன் நோய் இல்லை என்று உறுதி செய்துவிட வேண்டும். தாமிரத்தை வெளியேற்ற முடியாமல் உடம்பு சேர்த்து வைக்கும் பரம்பரை நோய் அது. இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் சோதனையும், கண் மருத்துவமனையில் ஸ்லிட் லாம்ப்பில் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்ற பார்வையும் முதல் படி. வேளையோடு கண்டால் நன்றாகக் கட்டுப்படும்.

திருமங்கலம் மளிகைக்கடைக்காரர், மறுபடியும்: ஐயா, இரண்டு வாரம் எழுதிவிட்டேன். நடுங்கும்போது சர்க்கரை 94, 88, 101 என்றுதான் இருந்தது. இரண்டு ஞாயிறும் நடுக்கமே இல்லை, அன்றும் மூன்று காபி குடித்தேன். வத்தல் மூட்டை பிரித்தால் இருமல் வரும் என்பதால் கல்லாப்பெட்டியில் இருமல் மருந்து வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னதால் அதையும் எழுதினேன்: கடை திறக்கும் நாளெல்லாம் 11 மணிக்கு இரண்டு மூடி. புட்டியில் டெர்பியூட்டலின் என்று போட்டிருக்கிறது.

பதில்: சர்க்கரை சரி, காபியும் தனியாகக் குற்றவாளி இல்லை. டெர்பியூட்டலின் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. அதே மருந்து தசையையும் இதயத்தையும் தூண்டுவதால் கை நடுக்கமும் படபடப்பும் அதற்குத் தெரிந்த பக்க விளைவுகள். ஒரு வாரம் அதை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, நோட்டைத் தொடருங்கள். மூன்று மணித் துவளலுக்கு இது விளக்கமாகத் தெரியவில்லை. நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள். மிளகாய்த் தூசிக்கு வரும் இருமல் ஆஸ்துமாவாகவும் இருக்கலாம் என்பதால் ஊதிப் பார்த்து மூச்சின் அளவை அறியும் ஸ்பைரோமெட்ரி சோதனை பார்க்க வேண்டும். வரும்போது அந்தப் புட்டியையும் கொண்டு வாருங்கள்.