அம்மா, ஏன் எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க?

வெளிநாட்டில் வாழும் வாசகர்களின் கடிதங்களுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதிவருகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று ஜப்பானைப் பற்றியவை. 2013 முதல் 2021 வரை நாகானோ மாகாணத்தின் மாட்சுமோட்டோ நகரத்தில் குடியிருந்தவள் நான். அதனால் இம்முறை அந்த மூன்று கடிதங்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: அக்கா, கணவரின் வேலைக்காக ஏழு மாதத்துக்கு முன்னால் நீகாட்டா மாகாணத்தில் நாகஓகாவுக்கு வந்தோம். எங்கள் பகுதியில் வேறு இந்தியக் குடும்பம் இல்லை. வீட்டை விட்டு இறங்கினால் போதும், பார்க்கிறார்கள். பஸ்ஸில் ஒரு அம்மாள் என் செருப்பில் தொடங்கி நெற்றிப் பொட்டு வரைக்கும் ஏற இறங்கப் பார்த்தார். என் நாலு வயது மகள், “அம்மா, ஏன் எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க?” என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கணவர் “கண்டுக்காதே” என்கிறார். இப்போது கடைக்குக்கூட இருட்டிய பிறகுதான் போகிறேன். பொட்டு வைப்பதை நிறுத்திவிடலாமா? என்னிடம்தான் ஏதாவது கோளாறா?
– வாசகி, நாகஓகா

பதில்: தங்கச்சி, “இருட்டிய பிறகுதான் போகிறேன்” என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத் தாண்டி வாசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மாட்சுமோட்டோவுக்குப் போன முதல் மாதங்களில் நானும் அப்படித்தான் இருந்தேன். படிக்கட்டில் காலடிச் சத்தம் அடங்கும்வரை கதவுக்கு இந்தப் பக்கம் பையோடு நின்றுகொண்டிருப்பேன்.

முதலில் ஒன்று. உன்னிடம் எந்தக் கோளாறும் இல்லை. பொட்டை எடுக்காதே. நான் எடுத்துப் பார்த்தவள். இரண்டு மாதம் வெறும் நெற்றியோடு நடந்தேன், ஒரு பார்வைகூடக் குறையவில்லை. அவர்கள் பார்ப்பது நிறத்தை, கண்ணை, முடியை, நடையை. பொட்டு போனதில் கண்ணாடியில் எனக்கே என் முகம் அந்நியமானதுதான் மிச்சம்.

“கண்டுக்காதே” என்று சொல்கிறவர் உன்மேல் உள்ள அன்பால் சொல்கிறார். ஆனால் அது முடிகிற காரியம் இல்லை. மனிதக் கண்ணில் கருவிழியைச் சுற்றி வெள்ளை நன்றாகத் தெரியும். யார் எங்கே பார்க்கிறார்கள் என்பது தூரத்திலிருந்தே நமக்குத் தட்டுப்பட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எதிரில் இருப்பவரின் பார்வை எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரியாதபோது, அது நம்மைத்தான் பார்க்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறதாம். இருட்டில் முகங்கள் சரியாகத் தெரியாது. பார்க்காதவர்கள்கூடப் பார்ப்பதுபோலவே தோன்றும். நீ ஒளிந்துகொள்ளப் போகிற நேரமே உன் பயத்தை வளர்க்கிற நேரம். கடைக்குக் காலை பத்து மணிக்குப் போ.

பார்வை எல்லாம் ஒன்றல்ல. நம் தமிழிலேயே உற்றுப் பார்ப்பது வேறு, முறைப்பது வேறு, வேடிக்கை பார்ப்பது வேறு, நோட்டம் விடுவது வேறு. ஜப்பானியர்களுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். விடாமல் பார்ப்பதற்கு ‘ஜிரோஜிரோ’ என்பார்கள், ஓரக்கண்ணால் விட்டுவிட்டுப் பார்ப்பது ‘சிராசிரா’. ஜிரோஜிரோ என்று பார்க்காதே என்று பிள்ளைகளை அதட்டுகிற தாய்மாரை ரயிலில் நானே பார்த்திருக்கிறேன். அது மரியாதையில்லாத செயல் என்று அந்த ஊருக்கே தெரியும். ஆகவே உனக்கு வலிப்பது நீ அதிகமாக நினைத்துக்கொள்வதால் இல்லை.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1581-ல் ஏசு சபைப் பாதிரிமாரோடு ஓர் ஆப்பிரிக்கர் கியோட்டோவுக்கு வந்தார். யாசுகே என்று ஜப்பானியர் அவரை அழைத்தார்கள். அவரைப் பார்க்க முண்டியடித்த கூட்டத்தில் ஆட்களுக்குக் காயம் பட்டது. ஓதா நோபுநாகா, அன்றைக்கு அந்த நாட்டின் மிகப் பெரிய அதிகாரம் அவர்தான், அது தோலின் நிறம் என்றே நம்பவில்லை. மை பூசியிருக்கிறார்கள் என்று நினைத்து இடுப்புவரை கழுவச் சொன்னார். யாசுகேக்கு ஜப்பானிய மொழி ஓரளவு தெரியும். நோபுநாகா அவரோடு விரும்பிப் பேசினார், பிறகு தன் பணியிலேயே சேர்த்துக்கொண்டார். 1878-ல் பயணம் வந்த இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தோக்கியோவுக்கு வடக்கே கசுகாபேயில் ஒரு விடுதியில் தங்கினார். அறைத் தடுப்புக் காகிதத்தில் நிறைய ஓட்டைகள், பல ஓட்டைகளில் ஒவ்வொரு கண். அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பஸ்ஸில் பார்த்தால் இறங்கிவிடலாம், படுக்கிற அறையில் எங்கே போவது?

இப்போது நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. 2023 கடைசியில் ஜப்பானில் குடியிருந்த வெளிநாட்டவர் சுமார் 34 லட்சம். ஆனால் மொத்த மக்கள் 12 கோடிக்கு மேல். இந்தியர்கள் அப்போது 50,000 பேர் அளவில்தான், அவர்களிலும் நிறையப் பேர் தோக்கியோவின் நிஷிகசாய் போன்ற இடங்களில். உன் தெருவில் எழுபது வயதான ஒருவருக்கு, பத்தடி தூரத்தில் பார்க்கிற முதல் இந்தியப் பெண் நீயாகவே இருக்கலாம். காரணம் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன், அதற்காக நீ அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

எங்கள் எதிர்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பது வயது இருக்கும். நான் குப்பைப் பையோடு இறங்கும் நேரத்துக்கு அவர் வாசல் சாக்கடையோரம் குந்திக் களை பிடுங்கிக்கொண்டிருப்பார். என்னைக் கண்டதும் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து நிற்பார். நான் முனை திரும்பும்வரை பார்ப்பார். சிரிப்பு இல்லை, தலையசைப்பு இல்லை. நான்கு மாதம் இப்படியே. என் முதுகில் அந்தப் பார்வை எந்த இடத்தில் தைக்கிறது என்று தொட்டுக் காட்ட முடியும் போல இருக்கும்.

2014 பிப்ரவரியில் பெரும்பனி கொட்டியது. சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் முழங்காலுக்கு மேலே வெள்ளை. என்னிடம் இருந்தது வீட்டைப் பெருக்கி அள்ளுகிற முறம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு நான் திகைத்து நிற்க, பாட்டி பனியைத் தள்ளியபடியே தெருவைக் கடந்து வந்தார். கையில் அகலமான சிவப்புப் பிளாஸ்டிக் பனிமண்வெட்டி. என் கையில் திணித்தார். என் வலது கையை எடுத்துக் காம்பில் இன்னும் கீழே வைத்தார். பிறகு என் இடுப்பைத் தட்டி “கோஷி, கோஷி” என்றார். இடுப்பு பத்திரம், முழங்காலை மடக்கு என்பது பொருள். அன்றைக்கு எனக்கு அந்தச் சொல் தெரியாது, தட்டிய கை புரிந்தது. மதியம்வரை இரண்டு பேருமாக ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு வழி வெட்டினோம்.

அடுத்த வாரமும் அவர் எழுந்து நின்று பார்த்தார். நான் முதலில் “ஓஹாயோ கோசாய்மாசு” என்று காலை வணக்கம் சொன்னேன், அவரும் சொன்னார். அதற்குப் பிறகும் அந்த ஊரை விட்டு வரும்வரை அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்தவே இல்லை. எனக்குத் தைக்கவில்லை, அவ்வளவுதான்.

நாகஓகாவில் இருக்கிற எல்லாக் கண்களையும் நீ மாற்ற முடியாது. முப்பது பேரின் கண்களை மாற்றலாம். ஒரே நேரத்துப் பஸ், ஒரே கடை, முடிந்தால் ஒரே கல்லாப் பெண் என்று வைத்துக்கொள். அக்கம்பக்கத்துச் சங்கத்திலிருந்து ‘கைரான்பான்’ என்ற சுற்றறிக்கை அட்டை வீடு வீடாக வரும். அடுத்த வீட்டு வாசலில் சாத்திவைத்துவிட்டு வந்துவிடாதே, மணியடித்துக் கையில் கொடு. ஒரு நிமிஷம் முகம் பார்த்து நிற்பீர்கள், அது போதும். அந்த முப்பது பேருக்கு வெளியே யாருக்கும் நீ சிரித்துக் காட்டவும் வேண்டாம், விளக்கம் சொல்லவும் வேண்டாம். தினமும் நாட்டின் தூதராக நடந்துகொள்ள யாராலும் முடியாது. முடியாத நாளில் வீட்டில் இரு, குற்ற உணர்ச்சி வேண்டாம்.

கணவரிடம் ஒன்று கேள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் உன்னோடு அதே பஸ்ஸில் ஏறட்டும். பக்கத்தில் உட்கார வேண்டாம், நான்கு இருக்கை பின்னால் உட்கார்ந்து உன்னைச் சுற்றி நடப்பதைப் பார்க்கட்டும். அவர் தினமும் போவது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்துக்கு. நீ போவது அப்படி இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை.

மகளுக்கு: “நீ அழகா இருக்கே, அதான் பார்க்கிறாங்க” என்று சொல்லிவிடாதே. நல்ல மனதோடுதான் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் யார் வேண்டுமானாலும் பார்த்து ரசிக்கத்தான் தன் உடம்பு இருக்கிறது என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். “நம்மள மாதிரி ஆளுங்களை அவங்க அதிகமா பார்த்ததில்ல. உனக்குப் பிடிச்சா கையாட்டு, பிடிக்கலைன்னா அம்மா கையைப் பிடிச்சுக்கோ” என்று சொல். அவள் ஹோய்குஎன் என்ற குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறாள் என்றால், வீட்டுக்கும் ஆசிரியைக்கும் இடையே தினமும் போய்வருகிற ‘ரென்ராகுச்சோ’ நோட்டு இருக்கும். அவள் கேட்ட கேள்வியை அதில் அப்படியே எழுது. ஜப்பானிய மொழியில் தப்பு வந்தாலும் பரவாயில்லை. அந்த ஆசிரியைகள் அந்த நோட்டை வரி விடாமல் படிப்பவர்கள்.

வேறொரு வகைப் பார்வையும் உண்டு, அதை மூடி மறைக்க மாட்டேன். ரயிலில் நான் உட்கார்ந்ததும் பக்கத்து மனிதர் எழுந்து பெட்டியின் மறுகோடிக்குப் போய் நின்றிருக்கிறார். வீடு பார்க்கப் போன இடத்தில், வெளிநாட்டவருக்குக் கொடுப்பதில்லை என்று என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்கள். 2017-ல் ஜப்பான் நீதி அமைச்சகம் வெளியிட்ட கணக்கெடுப்பில் வெளிநாட்டவர் 4,252 பேர் பதில் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் வீடு தேடியவர்களில் 39 சதவீதம் பேருக்கு, வெளிநாட்டவர் என்பதாலேயே வீடு மறுக்கப்பட்டிருந்தது. இதை ஆர்வம் என்று சொல்லி நீ உன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளத் தேவையில்லை. யாராவது கேட்காமல் மகளைப் படம் எடுத்தால், சத்தமாக “யாமேதே குதாசாய்” என்று சொல், நிறுத்துங்கள் என்று பொருள். பின்தொடர்ந்தால் நேராகக் கோபான் என்ற தெருமுனைப் போலீஸ் சாவடிக்குள் நுழைந்துவிடு. அவசரத்துக்கு 110, ஆலோசனைக்கு #9110.

கேள்வி: தோக்கியோவில் வேலை பார்க்கிறேன். இரண்டு மாதத்தில் மூன்று முறை போலீஸ் என்னை நிறுத்தி அட்டையைக் கேட்டுவிட்டது. கூட நடந்து வந்த ஜப்பானிய நண்பரை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. மறுக்கலாமா?
– வாசகர், தோக்கியோ

பதில்: தம்பி, வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டையை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்பது சட்டம். கையில் இல்லை என்றால் இரண்டு லட்சம் யென் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அதில் வம்பு வேண்டாம். ஆனால் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்பதும் பையைத் திறக்கச் சொல்வதும் உங்கள் சம்மதத்தின்பேரில் நடக்க வேண்டியவை. என்ன காரணம் என்று அமைதியாகக் கேட்கலாம். தேதி, நேரம், இடத்தை அன்றன்றே குறித்து வையுங்கள். தோற்றத்தை வைத்தே போலீஸ் திரும்பத் திரும்ப நிறுத்துகிறது என்று வெளிநாட்டுப் பின்னணி கொண்ட மூன்று பேர் 2024 ஜனவரியில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். இது உங்கள் ஒருவருடைய மனக்குறை இல்லை. நண்பரிடமும் பேசுங்கள். அவர் பக்கத்திலேயே நின்றும் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

கேள்வி: நாமும்தானே வெள்ளைக்காரரையும் ஆப்பிரிக்கரையும் நின்று வேடிக்கை பார்க்கிறோம்? ஜப்பானில் நம்மைப் பார்க்கிறார்கள் என்று புகார் சொல்ல நமக்கு என்ன உரிமை?
– வாசகர் (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: ஐயா, பார்க்கிறோம், உண்மை. ஆனால் நாகஓகாவில் தூங்காமல் கிடக்கிற பெண்ணுக்கு அதைச் சொல்லி என்ன ஆறுதல்? அந்த நாலு வயதுக் குழந்தை யாரை வேடிக்கை பார்த்தாள்?

என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாட்சுமோட்டோவில் ஐந்தாவது வருடம். ரயில் நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில் ஓர் ஆப்பிரிக்க மாணவர் ஏறினார், பெரிய பெட்டியோடு, புதிதாக வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் முகம் திரும்பியபோதுதான், அந்தப் பஸ்ஸில் அவரை ஜிரோஜிரோ என்று பார்க்கிறவள் நான் ஒருத்திதான் என்பது உறைத்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. தலையை லேசாகத் தாழ்த்தி “கொன்னிச்சிவா” என்றேன். அவரும் சொன்னார். பிறகு பெட்டியை என் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, காலியாக இருந்த என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.